மூன்றாம் மாடிக்கு 20 லிட்டர் கேன்: கையிலா, தோளிலா, தலையிலா?

லிஃப்ட் இல்லாத கட்டடம், மூன்றாம் மாடி வீடு. கேன் போடுகிறவர் கீழேயே இறக்கிவைத்துவிட்டுப் போய்விடுகிறார், அல்லது மாடி ஏற்றத் தனியாகக் காசு கேட்கிறார். தண்ணீரும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து ஏறத்தாழ 21 கிலோ. இதை மேலே கொண்டுபோக ஆறேழு வழிகள் இருக்கின்றன. எந்த வழியில் போனாலும் எடை அதேதான், ஆனால் இடுப்புக்குள் எலும்பும் ஜவ்வும் வாங்கும் அழுத்தம் வழிக்கு வழி மாறும். தூக்கும் விதத்தை மட்டும் மாற்றி அதைப் பாதியாகக் குறைக்க முடியும்.

எங்கள் பரிந்துரையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கைப்பிடி உள்ள 10 லிட்டர் கேன்கள் இரண்டு வாங்கி, கைக்கு ஒன்றாகப் பிடித்து ஏறுங்கள். அது முடியாமல் 20 லிட்டர் கேன்தான் என்றால் தோள், ஆனால் கீழே மேசை உயரத்திலிருந்து தோளுக்கு ஏற்ற வசதி இருக்க வேண்டும். ஒற்றைக் கையில் தொங்கவிட்டு ஏறுவது எல்லாவற்றிலும் மோசம். பெரும்பாலான வீடுகளில் நடப்பது அதுதான் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டியிருக்கிறது.

கணக்கு எங்கிருந்து வருகிறது

கடப்பாரையால் கல்லை நெம்பும்போது நாம் நீளமான பக்கத்தைப் பிடித்துக்கொள்வோம். முதுகுக்கு அந்தச் சலுகை கிடையாது. உடலை நிமிர்த்திப் பிடிக்கும் தசைகள் முதுகெலும்பின் மையத்திலிருந்து 5 அல்லது 6 செ.மீ. பின்னால்தான் இருக்கின்றன. சுமையோ 30 முதல் 50 செ.மீ. முன்னால் இருக்கிறது. குட்டைப் பக்கத்தில் மாட்டிக்கொண்ட தசை, சுமையைப் போல ஆறு முதல் பத்து மடங்கு இழுத்தால்தான் உடல் முன்னால் கவிழாமல் நிற்கும். அந்த இழுப்பு முழுவதும் கீழ் முதுகு எலும்புகளுக்கு நடுவில் உள்ள ஜவ்வின் மேல் அழுத்தமாக இறங்குகிறது.

எண்ணில் பார்ப்போம். கேன் உடலிலிருந்து 50 செ.மீ. தள்ளி இருக்கிறது, தசையின் தூரம் 5 செ.மீ. என்று கொள்வோம். 21-ஐ 50-ஆல் பெருக்கி 5-ஆல் வகுத்தால் 210 கிலோ. கேனுக்காக மட்டும் தசை இழுக்கும் விசை இது. 70 கிலோ எடையுள்ளவர் பாதி குனிந்து நின்றால் அவருடைய தலை, கைகள், மேலுடல் எல்லாம் சேர்ந்து சுமார் 40 கிலோ, அதுவும் 25 செ.மீ. அளவுக்கு முன்னால் தொங்குகிறது. அதைத் தாங்க இன்னொரு 200 கிலோ. மொத்தம் 400 கிலோவைத் தாண்டிவிட்டது. அமெரிக்காவின் பணிப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயோஷ், கீழ் முதுகின் அழுத்தத்துக்கு வைத்திருக்கும் எச்சரிக்கை எல்லை 3,400 நியூட்டன். கிலோவில் சொன்னால் ஏறக்குறைய 350.

அதே கேனை 30 செ.மீ. தூரத்துக்கு இழுத்துக்கொண்டு தூக்கினால் 210 என்பது 126 ஆகிறது. ஒவ்வொரு செ.மீ. கூடுதல் தூரத்துக்கும் முதுகில் நான்கு கிலோவுக்கு மேல் ஏறுகிறது என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். வயிற்றில் ஈரம் படும் என்று கேனைத் தள்ளிப் பிடிக்கும் பழக்கத்தின் விலை இது.

தரையிலிருந்து எடுப்பது

முதுகு பிடித்துக்கொள்வது பெரும்பாலும் ஏறும்போது அல்ல, கேனைத் தரையிலிருந்து எடுக்கும் அந்த இரண்டு நொடியில். நயோஷ் 1991-இல் திருத்தி வெளியிட்ட சூத்திரத்தைக் கேனுக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு கைகளால் நின்றபடி தூக்குவதற்கு மட்டுமே பொருந்தும் சூத்திரம் இது. 23 கிலோவில் தொடங்கும். சுமை எவ்வளவு தள்ளி இருக்கிறது, எந்த உயரத்தில் பிடிக்கிறோம், எவ்வளவு உயர்த்துகிறோம், உடல் திரும்புகிறதா, பிடி சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றுக்கும் அந்த 23-ஐக் குறைத்துக்கொண்டே வரும். வழவழப்பான, இரண்டு கைகளுக்கும் சரியான பிடி தராத கேன் என்பதால் பத்தில் ஒரு பங்கு முதலிலேயே போய்விடும்.

கேன் தரையில் நிற்கிறது. கை 30 செ.மீ. உயரத்தில் அதைப் பிடித்து 100 செ.மீ. உயரத்துக்குக் கொண்டுபோகிறது. கேன் 45 செ.மீ. தள்ளி இருந்தால் சூத்திரம் அனுமதிப்பது 8.8 கிலோ. 30 செ.மீ. தூரத்தில் அணைத்துப் பிடித்தால் 13.2 கிலோ. கேன் ஏற்கெனவே 45 செ.மீ. உயர ஸ்டூலில் நின்று, அதே 30 செ.மீ. தூரத்தில் பிடித்தால் 17.2 கிலோ. கேனின் எடை 21. ஆக, மோசமான முறையில் அனுமதித்த அளவைப் போல 2.4 மடங்கு தூக்குகிறோம், ஸ்டூல் இருந்தால் 1.2 மடங்கு. ஆரோக்கியமான ஆள் எப்போதாவது 1.2 மடங்கு தூக்கினால் சமாளிக்கலாம். 2.4 மடங்கை வாரத்துக்கு மூன்று முறை, வருடக்கணக்கில் தூக்கக் கூடாது.

ஆகவே கேன் போடுகிறவரிடம் கேட்க வேண்டிய முதல் உதவி, தரையில் வைக்காமல் ஸ்டூலிலோ திண்ணையிலோ வைத்துவிட்டுப் போகச் சொல்வது. வண்டியிலிருந்து இறக்கும்போது கேன் ஏற்கெனவே இடுப்பு உயரத்தில்தான் இருக்கிறது. அதைத் தரைக்கு இறக்கி, பிறகு நாம் தரையிலிருந்து எடுப்பது வீண் வேலை.

தரையிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்றால், 'முதுகை வளைக்காதே, முட்டியை மடக்கு' என்ற அறிவுரையைப் பாதியாக மட்டும் கேட்டுக்கொள்ளாதீர்கள். கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு முட்டியை மடக்கினால் முட்டிகள் முன்னால் வந்து கேனைத் தள்ளிவிடும். தூரம் 50 செ.மீ.யைத் தாண்டும். அப்படிக் குந்தி எடுப்பது, குனிந்து எடுப்பதைவிடவும் மோசம். கேனின் விட்டம் சுமார் 27 செ.மீ. அது இரண்டு முட்டிகளுக்கும் நடுவில் வர வேண்டும்.

பாதங்களைத் தோள் அகலத்தைவிடச் சற்று அதிகமாக விரித்து, ஒன்றைக் கேனுக்குப் பக்கவாட்டிலும் மற்றதை அதற்குக் கொஞ்சம் பின்னாலும் வையுங்கள். கேனின் வெளிப்புறத்தைத் துணியால் துடைத்துவிடுங்கள், ஈரப் பிளாஸ்டிக் கையில் நிற்காது. ஒரு கை கழுத்தில், மறுகை அடிவிளிம்பில். முதலில் கேனைச் சாய்த்து உங்கள் தொடைமேல் ஏற்றுங்கள். அங்கே ஒரு கணம் நிறுத்தி, வயிற்றோடு அணைத்து, மூச்சை விட்டபடி காலால் எழுந்திருங்கள். ஒரே மூச்சில் வெடுக்கென்று தூக்கினால் கேனுக்கு வேகம் கொடுக்கத் தேவையான விசையும் எடையோடு சேர்ந்துகொள்ளும். மூச்சை அடக்கித் தூக்கினால் இரத்த அழுத்தம் அந்தச் சில நொடிகளில் சட்டென்று உயரும், அடிவயிற்றிலும் அழுத்தம் கூடும். இரத்தக்கொதிப்பும் குடலிறக்கமும் உள்ளவர்களுக்கு இரண்டுமே கெடுதல்.

நேரமும் முக்கியம். இரவு முழுவதும் படுத்திருக்கும்போது ஜவ்வு தண்ணீரை உறிஞ்சி உப்புகிறது. காலையில் நம் உயரம் மாலையைவிட ஒன்றரை செ.மீ. அளவுக்குக் கூடியிருப்பது அதனால்தான். உப்பிய ஜவ்வு குனியும்போது அதிக விறைப்பாக இருக்கும். எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் கேனைத் தொடாமல் இருப்பது நல்லது. ஆறு மணிக்கு வந்த கேன் எட்டு மணி வரை படியடியில் இருந்தால் ஒன்றும் ஆகாது.

ஒற்றைக் கை

கைப்பிடி இருக்கிறது என்பதாலேயே இது வசதியாகத் தெரிகிறது. கேனின் மையம் உடலின் நடுக்கோட்டிலிருந்து 30 செ.மீ. தள்ளித் தொங்குகிறது. அந்தப் பக்கம் சாயாமல் இருக்க எதிர்ப்பக்க இடுப்புத் தசைகள் மட்டும் இறுகுகின்றன. இந்தப் பக்கவாட்டுத் தசைகளின் தூரம் 7 செ.மீ. என்று கொண்டால், கணக்கில் அது 90 கிலோ அளவுக்கு வரும், அதுவும் ஒரே பக்கத்தில். ஏறும்போது நாம் மறுபக்கம் சாய்ந்து நடப்பது அந்தச் சுமையைக் குறைக்க உடலே செய்துகொள்ளும் ஏற்பாடு. அதற்குப் பதிலாக முதுகெலும்பு வளைந்த நிலையில் அறுபது படி ஏறுகிறது.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்ட் மெக்கில் குழுவினர் 2013-இல் வெளியிட்ட ஆய்வு இதை நேரடியாக ஒப்பிட்டது. ஒரு கையில் 30 கிலோ எடுத்து நடந்தபோது கீழ் முதுகின் அழுத்தம் 2,800 நியூட்டனைத் தாண்டியது. அதே 30 கிலோவைக் கைக்கு 15-ஆகப் பிரித்தபோது 1,570 ஆனது. இன்னும் ஆச்சரியம், இரண்டு கைகளிலும் 30, 30 என்று 60 கிலோ எடுத்தபோதுகூட, ஒரு கையில் 30 எடுத்ததைவிட முதுகில் அழுத்தம் குறைவாகவே இருந்தது. பக்கவாட்டுச் சாய்வு எவ்வளவு செலவு வைக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இரண்டு பத்து லிட்டர்

இடது பக்க இழுப்பை வலது பக்க இழுப்பு அடித்துவிடுகிறது. கீழ் முதுகில் கூடுவது ஏறக்குறைய அந்த 21 கிலோ மட்டும். படிகள் கண்ணுக்குத் தெரியும். கேன் தொடையின் பக்கத்தில் தொங்குவதால் எடை கீழேயே இருக்கிறது, தடுமாறினாலும் சுலபமாகக் கவிழ மாட்டோம். கைப்பிடி விரலை அறுத்தால் பழைய துண்டைச் சுற்றிக்கொள்ளலாம். குறை ஒன்று உண்டு: கைப்பிடிச் சுவரைப் பிடிக்கக் கை காலியாக இல்லை. படி குறுகலாக இருந்தால் கேன் சுவரில் இடித்து உடலைத் திருப்பும், அங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும்.

ஒவ்வொரு பத்து லிட்டராக இரண்டு நடை போகலாமே என்று கேட்கலாம். முதுகுக்கு அது நல்லதல்ல, அரைச் சுமையானாலும் மறுபடி ஒற்றைக் கைச் சாய்வுதான். காலுக்கோ நிச்சயம் நஷ்டம். ஒவ்வொரு நடையிலும் நம் 70 கிலோவையும் சேர்த்துத்தான் ஒன்பது மீட்டர் ஏற்றுகிறோம். இரண்டு நடையின் மொத்த உழைப்பு ஒரு நடையைவிட 77 சதவீதம் அதிகம். கூடவே ஒரு முறை அதிகமாக இறங்க வேண்டும், முட்டிக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கடினம். பெர்லின் ஆய்வாளர்கள் விசையளவி பொருத்திய செயற்கை முட்டிகளில் நேரடியாக அளந்த கணக்கு இருக்கிறது: சமதரையில் நடக்கும்போது முட்டியில் உடல் எடையைப் போல 2.6 மடங்கு, படி ஏறும்போது 3.2, இறங்கும்போது 3.5. நல்லவேளை, கேனோடு நாம் ஏறத்தான் செய்கிறோம், இறங்கும்போது அது காலி.

தோள்

தோளில் வைத்தால் சுமை நடுக்கோட்டிலிருந்து 15 செ.மீ. தூரத்துக்கு வந்துவிடுகிறது. பக்கவாட்டு இழுப்பு ஒற்றைக் கையில் இருந்ததில் பாதி. ஒரு கை காலியாக இருப்பதால் கைப்பிடிச் சுவரையும் பிடிக்கலாம். கேன் போடும் தொழிலாளர்கள் தோளைத் தேர்ந்தெடுப்பது தற்செயல் அல்ல. ஆனால் அவர்களுக்கு இருக்கும் ஒரு வசதி நமக்கு இல்லை. குட்டி யானை வண்டியின் தட்டு இடுப்பு உயரத்தில் இருக்கிறது. அவர்கள் முட்டியைச் சற்று மடக்கித் தோளைக் கேனுக்கு அடியில் கொடுத்து நிமிர்கிறார்கள், தரையிலிருந்து தோளுக்கு ஏற்றுவதே இல்லை. நாம் அதைத் தரையிலிருந்து முயன்றால் நடுவழியில் கேன் முழுத் தூரத்துக்கு விலகி, உடலும் திரும்பும். அந்தக் கணத்தில்தான் சதை பிடிக்கும். கீழே ஒரு மேசையும் மேலே ஒரு மேசையும் இருந்தால் மட்டும் தோள். இறக்குவது ஏற்றுவதைவிட ஆபத்தானது, களைத்த நிலையில் செய்வதால்.

கழுத்து கேனுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்தே இருக்கும். மாடித் திருப்பங்களில் கேன் இருக்கும் பக்கம் பார்வை மறையும். கையில் ஏற்கெனவே மரத்துப்போகும் தொந்தரவு உள்ளவர்கள் தோளைத் தவிர்க்க வேண்டும்.

இங்கே அரிசி மூட்டையை நினைத்துப் பார்க்கலாம். 2022-இல் 25 கிலோ வரையிலான பாக்கெட்டுகளுக்கு ஜிஎஸ்டி வந்த பிறகு கடைகளில் 26 கிலோ மூட்டை பரவலாயிற்று. கேனைவிட ஐந்து கிலோ கூடுதல். ஆனாலும் தோளில் அது சுலபமாகத் தோன்றுவதற்குக் காரணம், மூட்டை தோளின் வளைவுக்கு மடங்கிக் கழுத்தை ஒட்டிப் படிந்துவிடுகிறது. கேன் விறைப்பான உருளை, ஒரு புள்ளியில் மட்டும் உட்கார்ந்து அழுத்தும். தோளில் நான்காக மடித்த துண்டு போடுவது வலிக்காக மட்டுமல்ல, அது வழுக்கலையும் தடுக்கும்.

இடுப்பும் தலையும்

குடம் இடுப்பில் நிற்பதற்கு அதன் வடிவம் காரணம். வயிறு அகன்று, கழுத்து குறுகி, முழங்கை அதைச் சுற்றி வளைக்க இடம் கொடுக்கிறது. எடையில் ஒரு பகுதி இடுப்பெலும்பின் விளிம்பில் நேராக இறங்கிவிடுவதால் முதுகெலும்பு அதைத் தாங்குவதில்லை. நேரான சுவருள்ள கேனுக்கு அந்த இடம் கிடைக்காது, வழுக்கிக்கொண்டே இருக்கும். கேனை இடுப்பில் வைக்கவே வேண்டாம். வீட்டில் குடம் இருந்தால், கீழேயே தண்ணீரைக் குடத்தில் மாற்றிப் பாதி பாதியாக எடுத்துப்போவது நடக்கக்கூடிய மாற்றுவழிதான், பக்கத்தை மாற்றி மாற்றி.

தலைச்சுமையில் முன்னால், பின்னால், பக்கவாட்டில் என்று எந்தத் தூரமும் இல்லை. சுமை நேராக முதுகெலும்பின் மேல். இயந்திரவியல்படி இதுதான் மிகச் சுத்தமான வழி. கென்யாவின் லுவோ, கிகுயு பெண்கள் தம் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை தலையில் சுமந்தும் கூடுதல் ஆற்றல் செலவாகவில்லை என்று 1986-இல் வெளியான ஆய்வு சொன்னது. ஆனால் அவர்கள் சிறுவயது முதல் சுமந்தவர்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு 21 கிலோ என்பது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுகிறது. கழுத்து எலும்புகள் இடுப்பெலும்புகளைவிட மிகச் சிறியவை, வழக்கமாக அவை தாங்குவது ஐந்து கிலோ அளவுள்ள தலையை. சும்மாடு கட்டத் தெரியாதவர், குனிந்து படியைப் பார்க்க முடியாத நிலையில், மாடி ஏறுவதற்கு இது வழி அல்ல. பழகியவர்கள் சமதரையில் எடுத்துப்போகலாம், கழுத்துத் தேய்மானம் இல்லாதவரை.

முன்னால் அணைத்துப் போவது

சமதரையில் பத்தடி தூரம், கதவிலிருந்து சமையலறைவரை, இதுவே போதும். படியில் வேண்டாம். கேன் காலை மறைக்கிறது, ஒவ்வொரு படியிலும் தொடை கேனை முட்டுகிறது, முதுகு பின்னால் வளைகிறது.

முதுகுப்பை, டிராலி, கப்பி

இடுப்புப் பட்டை உள்ள மலையேற்றப் பை வைத்திருப்பவர்கள் ஐந்து லிட்டர் கேன்கள் மூன்று நான்கை அதில் போட்டு ஏறலாம். இரண்டு கைகளும் காலி, சுமை முதுகை ஒட்டி இருக்கிறது, சற்று முன்சாய்ந்தால் சமன் ஆகிவிடும். கைப்பிடிச் சுவரைப் பிடிக்காமல் ஏற முடியாதவர்களுக்கு இதுதான் சரி, பத்து லிட்டரோடு நிறுத்திக்கொண்டால் இன்னும் நல்லது.

பக்கத்துக்கு மூன்று சக்கரமாகச் சுழலும் படி டிராலி, படிகள் ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களில் ஓரளவு வேலை செய்யும். நம் பழைய கட்டடங்களில் ஒரு படி 15 செ.மீ., அடுத்தது 18 என்று இருக்கும், சக்கரம் மாட்டி இழுக்கும் கையை உதறும். பால்கனியில் கப்பி கட்டிக் கூடையில் காய்கறி ஏற்றுவது போல இதையும் ஏற்றலாம் என்பவர்கள், கயிறு கை நழுவினால் ஒன்பது மீட்டர் கீழே அது எந்த வேகத்தில் வந்து விழும் என்று பார்க்க வேண்டும்: மணிக்கு 48 கி.மீ. வேண்டாம்.

கடைசித் தூக்கு

இவ்வளவு கவனமாக மேலே வந்தவர்கள் முதுகைப் பிடித்துக்கொள்ளும் இடம் டிஸ்பென்சர். 21 கிலோ கேனை ஒரு மீட்டர் உயரத்தில் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும். கை நீள்கிறது, உடல் திரும்புகிறது, தண்ணீர் சிந்தாமல் வேகமாகச் செய்ய வேண்டும். பக்கவாட்டில் 90 பாகை திரும்பித் தூக்கினால் நயோஷ் சூத்திரம் அனுமதித்த அளவில் 29 சதவீதத்தைக் கழித்துவிடுகிறது. இடுப்பைத் திருப்பாமல் பாதங்களை எடுத்துவைத்துத் திரும்புவது உதவும், ஆனால் சரியான பதில் கவிழ்க்காமலே இருப்பது. கேனின் வாயில் பொருத்தும் கைப் பம்போ சார்ஜ் செய்யும் பம்போ வாங்கினால் கேன் தரையிலேயே நிற்கலாம். பத்து லிட்டர் கேனைக் கவிழ்ப்பது பாதி வேலை என்பதும் இன்னொரு காரணம் அதைப் பரிந்துரைக்க.

வழியில் ஓய்வு எடுப்பவர்கள் கேனைத் தரையில் இறக்கினால் ஒவ்வொரு ஓய்வும் இன்னொரு தரைத் தூக்கு ஆகிவிடும். மாடித் திருப்பத்தில் முன்கூட்டியே ஒரு ஸ்டூல் போட்டுவைத்து, அதில் இறக்குங்கள்.

கர்ப்பிணிகள், பிரசவமாகிச் சில மாதங்களே ஆனவர்கள், எலும்புத் தேய்மானம் உள்ள முதியவர்கள், குடலிறக்கம் உள்ளவர்கள், ஒரு காலுக்கு இறங்கும் முதுகுவலி உள்ளவர்கள் இவற்றில் எந்த வழியையும் முயல வேண்டாம். மாடி ஏற்றக் கேட்கும் காசைக் கொடுத்துவிடுங்கள்.

கைப்பிடி கேனோடு சேரும் இடத்தை ஒவ்வொரு முறையும் பாருங்கள். அங்கே பிளாஸ்டிக் வெளுத்துக் கோடு விழுந்திருந்தால் அது விரிசலின் தொடக்கம், கேனை மாற்றித் தரச் சொல்லுங்கள். ஏறும்போது உங்களுக்குப் பின்னால் யாரும், முக்கியமாகக் குழந்தைகள், வரக் கூடாது. கேன் நழுவினால் பிடிக்கப் பாயாதீர்கள். அரை மீட்டர் விழுந்த கேனைப் பத்து செ.மீ.க்குள் நிறுத்த 126 கிலோ விசை வேண்டும், அதுவும் குனிந்து, கை நீட்டிய நிலையில். ஒரு காலை விலக்கி, சுவரோரம் ஒதுங்கி, அதை விழ விடுங்கள்.